பல்பு வரும்வரை

என் அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை வீட்டில் ஹெட்மாஸ்டர் என்று கூப்பிடுவோம். யார் எங்கே உட்கார வேண்டும், யார் வாயை மூட வேண்டும் என்பதையெல்லாம் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் முடிவு செய்வாள். இளையவள் பட்டாணி. பிறந்தபோது உருண்டையாக இருந்தாள், வேறு காரணம் ஒன்றுமில்லை.

இருவருக்கும் ஒரே வியாதி, அப்பா வழியில் வந்தது. ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணுக்கள் சரியான வடிவத்தில் இல்லை, அதனால் மண்ணீரல் அவற்றைப் பிடித்துப் பிடித்து உடைத்துவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். உடைய உடையப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். மண்ணீரலோ உட்கார்ந்து தின்கிறவன் தொப்பை மாதிரி வீங்கிக்கொண்டே போகும். அதை எடுத்துவிட்டால் ரத்தம் உடைவது அடங்கும்.

அக்காவுக்கு ஹோட்டல் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் ஒரு பெரிய லாண்டரியில் வேலை. அத்தான் லாரி டிரைவர், வீட்டில் தூங்குவதைவிட ரோட்டில் தூங்குவதுதான் அதிகம். நான் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் டிவியை யார் ரிப்பேர் செய்கிறார்கள்? எனக்கு நேரம் நிறைய இருந்தது. அதனால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதற்குத் தாய்மாமனாகிய நானே நியமனமானேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டரம்மாதான். என்னைவிட வயதில் சின்னவர். நிற்கும்போது கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார், அவ்வளவு நேரம் நிற்கிற வேலை. அவர்தான் ஒருநாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்:

"வெளிநாட்டுல இருந்து ஒரு டாக்டர் டீம் வருது. வயித்தைக் கிழிக்க வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா விடுவோம், மத்ததுல கருவி. உள்ள நடக்கிறதை டிவியில பார்த்துக்கிட்டே செய்வோம்."

"டிவியிலயா?" என்றேன். என் தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று நினைத்ததே இல்லை.

"ரெண்டு பேருக்கும் செஞ்சிடலாம். மூத்தவளுக்கு முதல் நாள், இளையவளுக்கு மறுநாள்."

அக்கா கேட்டது ஒன்றுதான். "வலிக்குமாங்க?"

"கொஞ்சம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் சொன்னபடியே நடந்தது. ஹெட்மாஸ்டரை உள்ளே கொண்டுபோனார்கள், வெளியே கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் படுக்கைப் பிள்ளை காலை நீட்டித் தூங்குவது சரியில்லை என்று நர்ஸிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்கு அவளே நடந்து போனாள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். நக அளவில் நாலு இடத்தில் பிளாஸ்டர், வேறு ஒன்றுமில்லை.

அதே காலையில் பட்டாணி இருமினாள்.

பெரிய இருமல் இல்லை. ஆனால் தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மாற்றி மாற்றிக் கேட்டார். தலையை ஆட்டினார். நெஞ்சில் சளி இருக்கிறது, இந்த நிலையில் மயக்கம் கொடுப்பது ஆபத்து.

"பரவாயில்ல," என்றார் டாக்டரம்மா. "இவங்க மிஷினை இங்கயே விட்டுட்டுப் போறாங்க. எனக்கும் சொல்லிக் கொடுத்துட்டாங்க. சளி நல்லா போகட்டும், நானே செய்யறேன்."

அக்காவுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கஷ்டம், ஒவ்வொருத்தியாக முடியட்டும் என்றுதான் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹெட்மாஸ்டரின் கண் மஞ்சள் போய் வெளுத்தது. படியை ஒரே மூச்சில் ஏறினாள். பட்டாணி கீழ்ப்படியில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பாள். "உனக்கும் சீக்கிரம் செஞ்சிடுவாங்கடி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்று அக்காக்காரி மேலே நின்று உறுதி கொடுப்பாள்.

டாக்டரம்மா சொன்னபடியே அந்த மிஷினில் சில குழந்தைகளுக்குச் செய்தார். பட்டாணியின் முறை வந்தது. நாங்கள் பையும் போர்வையுமாகப் போய் நின்றபோது அவரே வெளியே வந்தார்.

"பல்பு போயிடுச்சு," என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பல்புதானே மேடம்? நான் வாங்கிட்டு வர்றேன்."

அது கடையில் கிடைக்கிற பல்பு இல்லை. அந்த மிஷினுக்கென்றே செய்கிற விளக்கு. அதன் வெளிச்சம் ஒரு கண்ணாடி நார்க் குழாய் வழியாக வயிற்றுக்குள் போகும். அது இல்லாவிட்டால் உள்ளே கேமரா இருந்தும் இல்லாததும் ஒன்று. விற்கிற கம்பெனி வேறு நாட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கேட்டார், கேட்டிருக்கிறோம் என்றார்கள். மிஷினைக் கொடுத்த டீமுக்கு எழுதினார், அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறோம் என்றார்கள். அந்த அடுத்த முறை தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. வாழ்க்கையில் நான் எத்தனையோ முறை பல்பு வாங்கியிருக்கிறேன். பல்பு வாங்க முடியாமல் அசடு வழிய நின்றது அப்போதுதான்.

பெரிய ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி மிஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அக்காவும் நானும் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த கூடம், சோபா. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர், எங்களைக் காக்க வைக்கவில்லை. "எங்க கருவியெல்லாம் பெரியவங்க சைஸ். இவ வயித்துக்குள்ள அதைத் திருப்பவே இடம் இருக்காது. குழந்தைங்களுக்குச் செய்யற ஆளும் எங்ககிட்ட இல்ல," என்றார். சோபாவை விட்டு எழுந்தபோது பட்டாணி அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். திரும்பி வந்தோம். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் நான் டாக்டரம்மாவிடம் போய், "மிஷினை ஒரு தடவை காட்டுங்க," என்றேன்.

என்னை உள்ளே விடக்கூடாதுதான். விட்டார். ஆபரேஷன் அறையை ஒட்டிய சின்ன அறையில், பச்சைத் துணி போர்த்தி, சக்கரம் வைத்த அலமாரி மாதிரி நின்றது. திறந்து பார்த்தேன். கேமரா நன்றாக இருந்தது. திரை, என் கடையில் இருக்கிற எந்தத் திரையையும்விடத் தெளிவு. விளக்குதான் கருகிக் கிடந்தது.

எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் காட்டினேன். கிடைத்ததிலேயே பெரிய எல்.இ.டி. விளக்கை வாங்கி, தகரத்தை வளைத்துக் கூம்பு செய்து, அந்த நார்க் குழாயின் வாயில் பொருத்தினேன். மறுமுனையில் வெளிச்சம் வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் ஓட்டை போட்ட ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார், பழகுவதற்கு வைத்திருந்தது. கேமராவை உள்ளே விட்டார். பெட்டிக்குள் போட்டிருந்த ரப்பர் பேண்டு திரையில் பளிச்சென்று தெரிந்தது. கருவியால் அதைப் பிடித்துத் தூக்கினார்.

"தெரியுது!" என்றேன்.

"தெரியுது," என்றார். பிறகு எழுந்துபோய் ஒரு கருஞ்சிவப்புத் துணியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் சுற்றிலும் விரித்தார். மறுபடியும் கேமராவை விட்டார்.

திரை இருண்டுபோனது. ரப்பர் பேண்டு எங்கே என்று கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது.

"உள்ள எதுவும் வெள்ளையா இருக்காது. துளி ரத்தம் கசிஞ்சாலும் அது வெளிச்சத்தைக் குடிச்சிடும். மண்ணீரல் முழுக்க ரத்தம்," என்றார். "இந்த வெளிச்சத்துல ஒரு குழந்தை வயித்துல நான் கை வைக்க மாட்டேன்."

"இன்னும் பெரிய விளக்கா..."

"குழாய் உருகிடும். நீங்களே சொன்னீங்களே."

நான்தான் சொல்லியிருந்தேன். என் ஸ்க்ரூடிரைவர்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேற்கொண்டு எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "சரி," என்றாள்.

அந்த மழைக்காலத்தில் பட்டாணிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் காய்ச்சலோடு அவள் ரத்தம் மளமளவென்று உடைந்தது. உதடு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆனது. கையைத் தூக்கச் சொன்னால் நினைத்துப் பார்த்துத்தான் தூக்கினாள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அவள் குரூப் கிடைக்கவில்லை. லாரியை எங்கேயோ ஓரங்கட்டிவிட்டு அத்தான் வந்து கொடுக்க முன்வந்தார். அவருக்கே அந்த வியாதி, வேண்டாம் என்றார்கள். கடைசியில் லாண்டரியில் அக்காவோடு வேலை செய்கிற ஒரு பெண் கொடுத்தாள்.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"இனி காத்திருக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நம்ம கையில இருக்காது. திறந்துதான் செய்யணும்." தன் உடம்பிலேயே, இடது விலா எலும்புக்குக் கீழே, கையை வைத்து நடு வயிறுவரை இழுத்துக் காட்டினார். "இவ்வளவு."

அத்தான் தரையைப் பார்த்தார்.

"இதுவும் நல்ல ஆபரேஷன்தான். நான் நிறைய செஞ்சிருக்கேன். ஆனா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்து நிறுத்தினார்.

"தெரியும் டாக்டர். பெரியவளுக்குப் பார்த்தோமே," என்றாள் அக்கா. குறை சொல்கிற குரல் இல்லை. கடையில் இந்தச் சாமான் இல்லை என்றால், சரி அதைக் கொடு என்று சொல்கிற குரல். அதைக் கேட்டு டாக்டரம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நடக்கும்போது நாங்கள் வராந்தா பெஞ்சில் இருந்தோம். அக்கா பட்டாணியின் கவுனை மடியில் வைத்து, உள்ளங்கையால் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கச் சுருக்கமே இல்லை, ஆனாலும் கை நிற்கவில்லை. அத்தான் டீ வாங்கி வந்தார். அக்கா வாங்கிக் குடித்தாள். டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"நல்லபடியா முடிஞ்சது," என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது, "சரிங்க," என்றாள். அத்தான் அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா கவுனை மடித்துப் பையில் வைத்தாள்.

அன்று மாலை படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அழுதுடு. மனசு லேசாகும்," என்றேன்.

"வரல தம்பி," என்றாள். "வந்தா அழ மாட்டேனா? உள்ள ஒண்ணுமே இல்ல. அவளைப் பார்த்தாலும் ஒண்ணும் இல்ல. வேற யாரோட பிள்ளையோ மாதிரி இருக்கு." கொஞ்சநேரம் கழித்து, "இதை அவர்கிட்ட சொல்லாத," என்றாள்.

பட்டாணிக்கு வலி. மருந்து கொடுத்தால் தூங்குவாள், தெளிந்தால் அசையாமல் கூரையைப் பார்த்துக் கிடப்பாள். அசைந்தால் இழுக்கும் என்று கண்ணை மட்டும் உருட்டுவாள். சிரிப்பு மூட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மூச்சை ஆழமாக இழுத்தாலும் வலி, அதனால் கோழிக்குஞ்சு மாதிரி மேலோட்டமாக இழுத்துக்கொண்டிருந்தாள். அதுவே வினையாகிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி மறுபடியும் காய்ச்சல்.

"இருமணும், மூச்சை இழுத்து விடணும். இல்லைன்னா நிமோனியாவுல கொண்டுபோய் விட்டுடும்," என்றார் டாக்டரம்மா. "வெட்டு பெரிசு. அதான் மூச்சையே அடக்குறா. பலூன் ஊதச் சொல்லுங்க."

யார் சொல்லியும் பட்டாணி ஊதவில்லை. நர்ஸ் கெஞ்சினார், நான் லஞ்சம் பேசினேன். அக்கா பலூனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு ஹெட்மாஸ்டர் வந்தாள்.

"ஊதுடி."

"வலிக்குது."

"வலிக்கட்டும். ஊது."

பட்டாணி ஊதினாள். பலூன் விரல் நுனி அளவுக்குப் புடைத்து அடங்கியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்தது. ஹெட்மாஸ்டர் ஒரு தலையணையை அவள் வயிற்றில் வைத்து, தன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப இருமு," என்றாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை அவள் எப்போது கவனித்தாள் என்று எனக்குத் தெரியாது. தினமும் வந்தாள். தினமும் அதே அதட்டல்.

ஒருநாள் இருமி முடித்துவிட்டு, களைத்துப்போய், பட்டாணி கேட்டாள்:

"அக்கா, உனக்கு ஏன் வலிக்கல?"

வார்டில் அந்தப் பக்கம் ஒரு குழந்தை தட்டைத் தரையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் தலையணையை எடுத்து ஒழுங்காக வைத்தாள்.

"எனக்கும் வலிச்சது," என்றாள். "ரொம்ப. நான் யார்கிட்டயும் சொல்லல."

"பொய்."

"சத்தியமா. உன்னைவிட அதிகமா வலிச்சது. நான் அழல, நீ அழுற."

பட்டாணி அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் பலூனைக் கேட்டு வாங்கி மறுபடியும் ஊதினாள். என் அக்கா ஜன்னலோரம் நின்று துவட்டும் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். 

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் யார் கையையும் பிடிக்கிறவள் இல்லை. "மாமா, என்னுதை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்ல?" என்றாள். அந்தச் சின்ன ஓட்டை ஆபரேஷனைத்தான் சொன்னாள். அப்படியெல்லாம் மாற்ற முடியாதும்மா என்று என்னவோ சொன்னேன்.

காய்ச்சல் விட்டது. தையலில் ஒரு ஓரம் சீழ் பிடித்து, அது ஆறுவதற்குள் பள்ளிக்கூடத்தில் பரீட்சையே முடிந்துவிட்டது. ஆனால் பட்டாணி பிழைத்தாள். கண் வெளுத்தது, கன்னத்தில் நிறம் வந்தது. கொஞ்ச நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள், பிறகு நிமிர்ந்தாள். தழும்பு மட்டும் விலா எலும்பின் கீழே தடித்த கயிறு மாதிரி நின்றது. தெருப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, புலி பிடித்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிலர் நம்பினார்கள்.

அதற்கப்புறம்தான் பல்பு வந்தது.

டாக்டரம்மா எனக்கு போன் செய்தார். மிஷினைத் திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மாட்டித்தர முடியுமா என்று கேட்டார். போனேன். பல்பு தெர்மகோலுக்குள் பொதிந்து, குழந்தைக் கை அளவில் இருந்தது. மாட்டுவது பெரிய வேலை இல்லை. சுவிட்சைப் போட்டதும் குழாயின் முனையிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது, நேரே பார்க்க முடியவில்லை. டாக்டரம்மா அந்தச் சிவப்புத் துணியை எடுத்துப் பெட்டியில் விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு நூலும் தெரிந்தது.

"நாளைக்கு ஒரு பையனுக்குச் செய்யறேன்," என்றார். "பட்டாணி எப்படி இருக்கா?"

"ஓடுறா மேடம். நிக்க வைக்க முடியல."

"சந்தோஷம்." விளக்கை அணைக்காமல் அங்கேயே நின்றார். "சந்தோஷமாத்தான் இருக்கணும். இருக்கேனான்னு தெரியல," என்றார்.

 மூடியைப் பொருத்தித் திருகிவிட்டு வந்தேன்.

லாண்டரிக்குப் போனேன். ஆவியும் சோப்பு வாசனையும். அக்கா ஒரு படுக்கை விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பல்பு வந்துடுச்சு அக்கா."

"அப்படியா," என்றாள். பெட்டி விரிப்பின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. "நல்லது."

அவ்வளவுதான். அடுத்த விரிப்பை எடுத்தாள். நான் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன டிவி ஒன்று மேஜைமேல் கிடந்தது. அதன் முதுகைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன பார்க்க வந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது பெரிய ரகளை. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணி ஹெட்மாஸ்டரின் சடையைப் பிடித்துத் தொங்கினாள். அவள் கத்தினாள், இவள் அதைவிடக் கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அக்கா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏய்! ரெண்டு பேருக்கும் முதுகுத்தோலை உரிச்சிடுவேன். நான் ஒருத்தி காலையில இருந்து நின்னு நின்னு..."

பல மாதமாக அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்கவில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை போல, சடையை விட்டுவிட்டு இரண்டு பேரும் வாயைப் பிளந்து அவளையே பார்த்தார்கள்.

அக்கா கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். அப்புறம் கை மெதுவாகக் கீழே வந்தது.

"என்ன சொல்ல வந்தேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"முதுகுத்தோல்," என்றேன்.

"ம்." யோசித்தாள். "சாப்பாடு ஆயிடுச்சு. கை கழுவிட்டு வாங்க."

உள்ளே போனாள். பிள்ளைகள் கை கழுவப் போனார்கள், போகிற வழியிலேயே மறுபடியும் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தட்டுகளை எடுத்துப் போட்டேன்.